பதம் பிரித்தல்

பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். இங்கிருந்து காஞ்சி வரதருக்கு அவர் பூச்சுமந்து சென்றார் என்பது வைணவ மரபு. எம் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்கு அந்த நடையை அசைபடமாக்க விழைந்தோம்.

மாணவர் ஒருவர் இல்லஸ்ட்ரேட்டரில் கை, கால், பூக்கூடை எனத் தனித்தனியே வரைந்து தந்தார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கொணர்ந்தபோதோ நம்பிகள் அட்டைப் பொம்மையாக நின்றார். கையை அசைத்தால் உருவம் முழுவதும் சாய்ந்தது. ‘ஃபுட்டேஜ்’ என்று இறக்கியதே பிழையென எண்ணிக் ‘கம்போசிஷன்’ என்று மாற்றினோம். அப்போதும் ஒரே அடுக்குதான். விழாவுக்கு இரண்டே நாள். “நீ பிரித்து வரையவில்லை” என்று கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் மூலக் கோப்பைத் திறந்து காட்டினார். உறுப்புகள் யாவும் பிரிந்தே இருந்தன. ஆனால் ‘லேயர் 1’ என்னும் ஒரே தாயடுக்கினுள் உள்ளடுக்குகளாக. மேல்மட்ட அடுக்குகளை மட்டுமே ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தனித்தனியாகக் கொள்ளும். உள்ளடுக்குகளை வெளியே இழுத்து, சேமித்து, மீண்டும் புதிதாய் இறக்கினோம். கை அசைந்தது, கூடை ஆடியது.

ஓலைச்சுவடியில் சொற்கள் இடைவெளியின்றித் தொடரும். அதற்காக எழுதியவரை எவரும் பழிப்பதில்லை. பதம் பிரிப்பது படிப்பவர் கடன். இருபதாண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லிவருகிறோம்.

மாணவரிடம் வருத்தம் தெரிவித்தோம். “பரவாயில்லைங்கய்யா. கூடைய இன்னும் கொஞ்சம் மெதுவா ஆட விடலாமா?” என்றார்.