கொக்கலையில் இருந்து எழும்பின விமானம்

கனடா எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது ஸ்காபரோ மாமாவும் அவர் பார்சலில் அனுப்புற சொக்லேட்டும்தான். அந்தக் கனடாவில் இருந்து ஒருத்தர் வந்து இலங்கையைக் காப்பாற்றினார் எண்ட கதையை நாங்கள் கேட்டது, ஒருமுறை காலிப் பக்கம் போயிருந்தபோது. கொக்கலையில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீட்டைப் பார்த்துவிட்டு, வெயிலுக்கு இளநீர் குடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குள் சரித்திரப் பைத்தியம் பிடித்த ஒருத்தன் இருக்கிறான். அவன் தொடங்கினான்: "இந்த வாவியில இருந்துதான் மச்சான் அந்தப் பிளேன் எழும்பினது."

உண்மையைச் சொன்னால், எங்களுக்குப் பெரிதாக ஆர்வம் வரவில்லை. 'போர்வீரர்', 'பதக்கம்' எல்லாம் எங்கட வீடுகளில் லேசாகப் புழங்குகிற சொற்கள் இல்லை. மே மாதம் வந்தால் ஒரு பக்கம் இராணுவத்துக்கு விழா, இன்னொரு பக்கம் விளக்குக் கொளுத்தி அழுகிற தாய்மார். பதக்கம் எண்டால், யாரைக் கொன்றதுக்கு எண்டுதான் எங்களுக்குக் கேட்கத் தோன்றும்.

அவன் விடவில்லை. லெனார்ட் பேர்ச்சல், கனடிய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர். கொக்கலைக்கு வந்து இரண்டே நாள். 1942 ஏப்ரல் 4, விடிய முன்னமே கற்றலீனா எண்ட கடல் விமானத்தை எடுத்துக்கொண்டு போகிறார். கூட எட்டுப் பேர். பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பின்னேரம் தூரத்தில் புள்ளிகள். கிட்டப் போனால் ஜப்பானியக் கடற்படை. நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் அணி, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு. செய்தி கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்திவிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பேர்ச்சலும் மற்ற ஐந்து பேரும் கைதிகள்.

அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை கிடைத்திருந்ததால் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. 9ஆம் திகதி திருகோணமலை. அன்றைக்குத்தான் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது. இண்டைக்கும் ஆட்கள் சுழியோடிப் போய்ப் பார்க்கிற கப்பல். பேர்ச்சலுக்குப் பதக்கமும் 'இலங்கையின் இரட்சகர்' எண்ட பட்டமும் கிடைத்தன.

"அப்ப அவர் இல்லையெண்டால் ஜப்பான்காரன் நாட்டைப் பிடிச்சிருப்பானோ?" எண்டு ஒருத்தி கேட்டாள். இல்லை. அவர்கள் வந்தது பிரித்தானியக் கடற்படையை அடிக்க. தரையிறங்கிப் பிடிக்க அல்ல. பட்டம் கொஞ்சம் பெரிசு. இன்னொன்றும் உண்டு. அந்த விமானத்தளத்துக்காகக் கொக்கலைச் சனத்தை ஊரை விட்டு எழுப்பினார்கள். நாங்கள் பார்த்துவிட்டு வந்த எழுத்தாளரின் வீடு, அந்த ஊரில் தப்பி மிஞ்சியது. பலாலிக்குப் பக்கத்தில் காணியை விட்டுவிட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் எங்களோடு நின்றார்கள். அவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தீவைக் காப்பாற்றினது சரி, அந்தச் சனத்தை யார் காப்பாற்றினது?

கதை அதோடு முடிந்திருந்தால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம்.

பேர்ச்சல் மூன்று வருடத்துக்கு மேல் ஜப்பானிய முகாம்களில் இருந்தார். முதல் முகாமில், காயப்பட்ட ஒரு கைதியை வேலைக்கு இழுத்த காவலாளிக்கு அடித்துவிட்டார். ஆயுதம் இருக்கிறவனுக்கு, வெறுங்கையோடு. பிறகு வாங்கின அடியும் தனிச்சிறையும் சாதாரணமில்லை. 1944இல் நோயாளிகளைத் துறைமுக வேலைக்குத் துரத்தினபோது, அவர்களை விடும்வரை ஒருத்தரும் வேலை செய்யக்கூடாது எண்டு எல்லாக் கைதிகளுக்கும் உத்தரவு போட்டார். அதுக்கும் அடி. அதுக்கும் தண்டனை முகாம். இதுக்கிடையில் முகாமில் நடந்ததையெல்லாம் ஒளித்து ஒளித்து எழுதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார். போர் முடிந்து நடந்த விசாரணைகளில் அந்த டயரிகள் சாட்சியாகின. அந்த முகாம் காலத்துக்காக அவருக்கு இன்னொரு விருதும் கொடுத்தார்கள்.

இந்த இரண்டாவது விருதைப் பற்றி நாங்கள் பஸ்ஸில் நெடுநேரம் கதைத்தோம். ஒரு தீவைக் காப்பாற்றினது தற்செயலாகக்கூட இருக்கலாம். அந்த நேரம் அந்த இடத்தில் எந்த விமானி இருந்தாலும் செய்தி அனுப்பியிருப்பார். பக்கத்தில் படுத்திருக்கிற நோயாளிக்காக அடி விழும் எண்டு தெரிஞ்சே எழும்பி நிற்கிறது தற்செயல் இல்லை. அதில் எதிரியைக் கொன்ற கணக்கும் இல்லை. இப்படி ஒரு வீரத்துக்குக் கைதட்ட எங்களுக்குத் தயக்கம் வரவில்லை. எந்தச் சீருடை போட்டவர் செய்தாலும்தான்.

வவுனியா வந்தபோது இருட்டிவிட்டது. றோட்டோரம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கிற கொட்டகை. உள்ளே வரிசையாகப் படங்கள். சரித்திரப் பைத்தியம் அதுவரை வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தவன், அந்த இடத்தில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

"இங்கயும் ஆராவது ஒருத்தர் எழுதிப் புதைச்சு வச்சிருப்பினம், என்ன?"