ராக்ஃபெல்லர் மாமி இல்லாத ஊர்

திருமணத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. திருமணத்தை நடத்திக்கொண்டே சிரிப்பது அரிது. இவ்வுண்மையைப் பெர்மாஸ் ஜெயாவில் வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் எழுபத்தைந்தாம் வயதில், தாம் பலமுறை படித்துச் சிரித்த ஒரு நாவலின் வாயிலாகவே அறிந்துகொள்ள நேர்ந்தது.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, தெப்ராவ் நீரிணையை ஒட்டி அமைந்த குடியிருப்பு நகரம் பெர்மாஸ் ஜெயா. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர். விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்குச் செல்வோரும், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும் அங்கே மிகுதி. அவ்வூரின் வரிசை வீடொன்றில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஆசிரியரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடுவர். ஒரு நூலைத் தேர்ந்து, அனைவரும் படித்து வந்து, தத்தம் கருத்தைச் சொல்வது அவர்கள் வழக்கம். அம்மாதத்திற்கு ஆசிரியர் தேர்ந்த நூல் சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’.

சா. விஸ்வநாதன் என்னும் இயற்பெயருடைய சாவி, 1963ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவல் அது. கோபுலுவின் சித்திரங்களோடு வெளிவந்தது. தென்னிந்தியத் திருமணம் ஒன்றைக் கண்ணாரக் காண விரும்பும் ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சீமாட்டி, அதனை அமெரிக்கத் தலைநகரிலேயே தம் செலவில் நடத்திவிட முனைவதே கதை. சாஸ்திரிகளும் சமையற்காரர்களும் விமானம் ஏறுகின்றனர். பாட்டிமார்கள் வாஷிங்டனில் அமர்ந்து அப்பளம் இடுகின்றனர். காஸ் விளக்குகளோடு ஜானவாச ஊர்வலம் போகிறது. மலேசியா என்னும் நாடு உருவான அதே 1963இல் ஆசிரியர் பதின்மூன்று வயதுச் சிறுவர். தோட்டத்துக் கிராணியார் வீட்டுக்குத் தபாலில் வரும் விகடனை, அவ்வீட்டு ஐந்தடியில் நின்று படித்தவர். ரப்பர் மரங்களைத் தவிர வேறொன்றும் அறியாத அச்சிறுவனுக்கு, வாஷிங்டனும் கும்பகோணமும் ஒரே தொலைவில் இருந்தன. ஆகவே, அந்நாவல் எவரையும் சிரிக்க வைத்துவிடும் என்பதில் அவருக்கு ஐயமே எழுந்ததில்லை.

கூட்டத்தில் முதலில் பேசிய மூதாட்டி, அந்நம்பிக்கையை மெய்ப்பித்தார். பேத்தி படித்துக்காட்டக் கேட்டதாகவும், அப்பளப் பகுதியில் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும் அவர் கூறினார். “எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் கிழவிகள் அப்பளம்தான் இடுவார்கள்” என்பதே அவர் திறனாய்வு. அதனினும் சுருக்கமாக அந்நாவலின் நகைச்சுவையை விளக்குதல் கடினம். பழக்கத்தால் நம் கண்ணுக்குப் படாமற்போன ஒன்று, இடம் மாறியதும் வியப்பாகிறது. வியப்போடு சிரிப்பும் பிறக்கிறது.

அடுத்துப் பேசிய பல்கலைக்கழக மாணவி உடன்படவில்லை. இதிலுள்ள திருமணம் தஞ்சை வட்டாரத்து அந்தணர் குடும்பத் திருமணம் மட்டுமே என்றும், பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் பரிசமும் நலங்கும் இதில் இல்லை என்றும் அவர் சுட்டினார். விளக்குத் தூக்க வரவழைக்கப்படும் நரிக்குறவர்கள், மனிதர்களாக அல்லாமல் வேடிக்கைப் பொருள்களாகவே வந்துபோகின்றனர் என்றும் குறைபட்டார். ஆசிரியர் மறுத்துரைக்கவில்லை. அறுபது ஆண்டுகளில் வாசகரின் கண் கூர்மையடைந்திருப்பின், அதற்காக ஓர் ஆசிரியர் வருந்துவதற்கில்லை. இளைஞர் ஒருவரோ, இது நாவலே அன்று என்றார். எவருக்கும் எவ்விடரும் நேரவில்லை. எல்லாம் நினைத்தவாறே முடிகிறது. முரண் இல்லாத கதை எங்ஙனம் நாவலாகும் என்பது அவர் வினா.

இவற்றுக்கெல்லாம் ஆசிரியரிடம் விடை இருந்தது. விடை இல்லாத கேள்வி கடைசியில் வந்தது. பாசிர் கூடாங்கில் ஆலைத் தொழிலாளியாகப் பணியாற்றும் ஒருவர், நூலை மூடி மடியில் வைத்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார். அவருடைய ஒரே மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். “ஐயா, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தக் கதையில் செலவை நினைத்துத் தூக்கம் கெட்ட தகப்பன் ஒருவர்கூட இல்லையே?” என்றார்.

கூடம் அமைதியாயிற்று. அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்தார். மண்டபம், மேடை அலங்காரம், சாப்பாடு, மேளம், புகைப்படம், வீடியோ, மாலை, புடவை என ஒவ்வொன்றுக்கும் எதிரே வெள்ளிக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. அதனை அவர் படித்துக் காட்டவில்லை, மீண்டும் மடித்துக்கொண்டார். அருகிலிருந்த மகள், “பதிவு இலாகாவில் சட்டப்படி எங்கள் திருமணம் முடிந்துவிட்டது அப்பா. மற்றதெல்லாம் யாருக்காக?” என்றாள். 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, இந்நாட்டு இந்துக்களின் திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும். சட்டம் ஒரு மேசையும் ஒரு கையொப்பமும் போதுமென்கிறது. உறவோ ஆயிரம் இலை கேட்கிறது. தகப்பனார் மகளுக்கு மறுமொழி கூறவில்லை.

அன்றிரவு ஆசிரியருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அத்தனை முறை படித்தும் தமக்குத் தோன்றாத ஒன்று, ஒருமுறை படித்த தொழிலாளிக்குத் தோன்றியது எங்ஙனம்? எண்ணிப் பார்க்கையில், நாவலின் நகைச்சுவை நிற்கும் அடித்தளம் அவருக்குப் புலனாயிற்று. திருமண வீட்டின் பெருஞ்சுமையாகிய பணக் கவலையைச் சாவி முதலிலேயே அகற்றிவிட்டார். ராக்ஃபெல்லர் மாமியின் பணப்பை திறந்தவுடன், ஆடம்பரம் முழுதும் விளையாட்டாகிவிடுகிறது. தூக்க ஆள் கிடைத்த சுமை, வேடிக்கையாகி விட்டது. மாணவி கண்ட குறைக்கும் இளைஞர் கேட்ட வினாவுக்கும் வேர் அதுவே எனலாம். பணமுடை இல்லாதவிடத்து முரண் ஏது?

அமெரிக்காவிலேயே இதற்கு நேர்மாறான நகைச்சுவை நாவல் ஒன்று உண்டு என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. எட்வர்டு ஸ்ட்ரீட்டர் என்னும் வங்கி அதிகாரி 1949இல் எழுதிய ‘மணமகளின் தந்தை’ என்னும் பொருள்படும் பெயருடைய நூல் அது. மறு ஆண்டே ஸ்பென்சர் டிரேசி நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. மகளின் திருமணத்தில் விருந்தினர் பட்டியல் நீள நீள, பணம் கரையக் கரைய, தம் வீட்டிலேயே தாம் அந்நியராகிவிடும் தகப்பனைப் பற்றியது அக்கதை. அங்கே செலவே சிரிப்பு. விந்தை என்னவெனில், அமெரிக்கத் தகப்பன் அமெரிக்காவில் செலவை எண்ணிப் பெருமூச்சு விடுகிறான். தமிழ் எழுத்தாளரோ அக்கவலையிலிருந்து தமிழ்த் தகப்பனை விடுவிக்க, திருமணத்தையே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறார். தந்தையின் பெருமூச்சு கடல் கடந்தும் ஒன்றே போலும்!

மறுநாள் ஆசிரியர் இக்கதையை அந்தத் தொழிலாளியிடம் கூறினார். “அங்கேயும் இதே பாடுதானா?” என்று கேட்டு, அவர் முதன்முறையாக முறுவலித்தார்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு அவர் நூலின்றி வெறுங்கையோடு வந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் வீட்டில் வேறொரு புயல் எழுந்திருந்தது. அச்சான அழைப்பிதழில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் விடுபட்டுவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் சினங்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். தகப்பனார் சமாதானம் பேசச் சென்றபோது, சாவியின் நூலையும் கையோடு எடுத்துச் சென்றிருக்கிறார். வாஷிங்டனிலும் சம்பந்திச் சண்டை உண்டன்றோ? ஏன் எடுத்துச் சென்றார் என்பது அவருக்கே விளங்கவில்லையாம்.

வாக்குவாதம் முற்றிய வேளையில், “சம்பந்தியம்மா, நம் சண்டையைப் பார்த்து ரசிக்க ராக்ஃபெல்லர் மாமி இங்கே இல்லையே, வீணாய்ப் போகிறதே!” என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மையாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால், அதுவரை வாய் திறவாதிருந்த அவர் கணவர், இளமையில் அந்நூலைப் படித்தவராதலின், ஓவென்று சிரித்துவிட்டார். எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று அம்மையார் அதட்ட, அவர் கதையைச் சொல்லத் தொடங்க, சொல்லி முடிக்கையில் தேநீர் வந்துவிட்டது.

“அழைப்பிதழ்?” என்று ஆசிரியர் ஆவலோடு வினவினார்.

“மீண்டும்தான் அச்சிட வேண்டும் ஐயா. தாய்மாமன் பெயர் இல்லாமல் முடியுமா? பட்டியலில் ஒரு வரி கூடிவிட்டது” என்றார் அவர். சொல்லும்போது முகத்தில் பழைய இறுக்கம் இல்லை. மகள் அருகில் அமர்ந்து, தந்தையின் தாளை வாங்கி, மேடை அலங்காரத்திற்கு எதிரே இருந்த தொகையை அடித்துச் சிறியதொரு தொகையை எழுதினாள். அவர் தடுக்கவில்லை.

நகைச்சுவை நாவல் எவருடைய கடனையும் அடைப்பதில்லை. ராக்ஃபெல்லர் மாமி பெர்மாஸ் ஜெயாவுக்கு வரப்போவதுமில்லை. ஆயினும், தாம் சினந்து நிற்கும் காட்சியைச் சற்றே தள்ளி நின்று காண ஒரு மனிதனுக்கு அது இடம் தருகிறது. அவ்வளவுதான் அதனால் இயலும், அது சிறிதன்று.

நூல் இன்றும் சம்பந்தி வீட்டில்தான் இருக்கிறது. அம்மையார் படித்துக்கொண்டிருக்கிறாராம். ஆசிரியர் திருப்பிக் கேட்கவில்லை.