முஸ்தபாவுக்கு வரன் தேடிய கதை!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் உங்களுக்கு ராமானுஜர் ஞாபகம் வரலாம். கார் கம்பெனி ஞாபகம் வரலாம். எனக்கு மாமாவின் வீடியோ கேம்ஸ் கடைதான்!

பத்துக்குப் பத்து ரூம், நாலு மெஷின். அதில் ஒன்று, கேப்காம் கம்பெனி 1993-ல் கொண்டுவந்த 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. இந்தப் பெயரை முழுசாகச் சொன்னவன் எங்கள் செட்டில் கிடையாது. அதில் வரும் தொப்பி ஹீரோ பெயரில் 'முஸ்தபா' என்போம். ஒரு ஆட்டம் ஒரு ரூபாய். நான் காசில் நூல் கட்டிப் போட்டு, கிரெடிட் ஏறியதும் சுண்டி இழுத்துவிடுவேன். (இப்போது நான் மரியாதைப்பட்ட உத்தியோகஸ்தன். வெளியே சொல்லாதீர்கள்.)

கடையை மூடியபோது முஸ்தபாவை மட்டும் மாமா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அத்தை போன பிறகு அவர் பேச்சே குறைந்துபோச்சு. ராத்திரியில் மெஷினைப் போட்டுவிட்டு, யாரும் ஆடாமலே ஓடும் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அதில் சிவப்பு மங்கி, முஸ்தபா விஷம் ஏறினவர் மாதிரி நீலம் பாரித்தார். அப்புறம் ஒரேயடியாக இருட்டு. மாமா மட்டும் அதே நாற்காலியில்.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். எந்த ஸ்பேர் கேட்டாலும் வரவழைப்பேன். 2007-ல் சாம்சங் தொழிற்சாலை வந்து, டிவியாகத் தயாரித்துத் தள்ளும் ஊர். இங்கே ஒரு 14 இன்ச் பிக்சர் ட்யூப் கிடைக்காதா?

கிடைக்கவில்லை! டிவிக்கு ட்யூப் செய்வதையே உலகம் நிறுத்திவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

கடைசியில் வாலாஜாபாத்தில் ஒரு பழைய டிவி மெக்கானிக் சிக்கினார். "தம்பி, அந்தக் காலத்து டிவியும் இந்த மெஷினும் செகண்டுக்குப் பதினஞ்சாயிரத்துச் சொச்சம் கோடு போடற ஜாதகம். சம்பந்தம் பண்ணலாம். இலவச கலர் டிவி எங்கயாவது கிடக்கான்னு பாருங்க."

அட! 2006-லிருந்து அரசாங்கம் வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் டிவி! அம்மா வீட்டுப் பரணில் ஒன்று இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன் பின்பக்கம் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஹீட்டர் 6.3 வோல்ட், சரி. ஆங்கிள் 90 டிகிரி, சரி. கழுத்துதான் ஒல்லி. இது 22.5 மில்லி. உங்களுக்கு 29.1 வேணும்."

ஜாதகத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கழுத்து ரஜ்ஜு ஒன்றாக இருக்கக் கூடாது. ட்யூபில் ஒன்றாக இருந்தே தீரணும்!

ரெண்டாவது வரன் சித்தி வீட்டில், தலையில் மாவு டப்பாவோடு உட்கார்ந்திருந்தது. கழுத்து பொருந்தியது. சாக்கெட்டும் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் கல்யாணம். "ஆஃப் பண்ணாலும் ட்யூபுக்குள்ள கரண்ட் நிக்கும். கை வெச்சா நமக்கு வரன் பார்க்க எமன் வருவான்" என்று, முதலில் அதை எர்த் பண்ணினார் அண்ணன். பழைய ட்யூபின் கழுத்திலிருந்த செப்புச் சுருளை, அதாவது யோக்கை, கழற்றிப் புது ட்யூபின் கழுத்தில் ஏற்றினார். மெஷினின் போர்டு அந்த யோக்குக்காகச் செய்தது. வேறு யோக் போட்டால் படம் சுருங்கும், இல்லை போர்டே புகையும். ஆக, தாலி பழசு, பெண் புதுசு!

சுவிட்ச் போட்டதும் மூணு முஸ்தபா தெரிந்தார்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக. கழுத்திலிருந்த காந்த வளையங்களை அண்ணன் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒரு மணி நேரம். மூணு பேரும் மெல்ல நெருங்கி ஒரே ஆளானார்கள்.

மாமா எழுந்து உள்ளே போனார். பழைய பெரிய ஒரு ரூபாய்க் காசு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"மாப்ளே, இந்தத் தபா நூல் இல்லாமப் போடு."

எனக்கு வியர்த்துவிட்டது. "மாமா... அப்பவே தெரியுமா?"

"தெரியும்டா. உங்கிட்ட காசு இல்லேன்னும் தெரியும். ஆடு."