வட துருவத்தின் வழியே

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் எல்லைப்புற ஊர் வேப்பனப்பள்ளி. அங்கே ஒரு மாந்தோப்பில் வெயிலுக்கு ஒதுங்கியிருந்தேன். தோப்புக்கார அம்மாள் மோர் கொடுத்துவிட்டு, "ஏன் சாமி! எனக்கு ஒன்று என்றால், அமெரிக்காவில் இருக்கும் என் மகள் வந்து சேர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2021-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி இரவு, ஸான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஒன்று புறப்பட்டது. வழியில் எங்கும் இறங்காமல், சுமார் 14,000 கிலோமீட்டர் பறந்து, 11-ந் தேதி அதிகாலையில் பெங்களூரை அடைந்தது. அதைச் செலுத்திய நால்வரும் நம் தேசத்துப் பெண்மணிகள். தலைவி ஜோயா அகர்வால்.

"அப்படியானால் இரண்டு நாளா?"

"இல்லை, அம்மா! பதினேழு மணி நேரந்தான். அந்த மாதத்தில் நம் கடிகாரம் அவர்கள் கடிகாரத்துக்குப் பதின்மூன்றரை மணி முந்தியிருக்கும். அதனால்தான் தேதி அப்படித் தாவிவிட்டது."

தேசப் படத்தைப் பார்த்தால், பசிபிக் கடலைக் கடந்து வருவதே நேர்வழி என்று தோன்றும். பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உண்மை விளங்கும். நூல் வடக்கே வெகு தூரம் ஏறி வளைந்து செல்லும். அந்த விமானமோ இன்னும் வடக்கே ஏறி, வட துருவத்தின் வழியே வந்தது.

அம்மாள் சற்று நேரம் யோசித்தாள்.

"வழி பதினேழு மணிதானா, சாமி? அவள் வந்து ஆறு வருஷம் ஆகிறதே!" என்றாள்.

அந்தத் தூரத்தை அளக்க என்னிடம் நூல் இல்லை.