மூன்று சென்டிமீட்டர்

2022இல் ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கலாம் என்று புடு பிளாசாவுக்குப் போனபோது, நான் விசாரித்த இரண்டு கடைக்காரர்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிந்தது, மிரர்லெஸ் பாருங்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் நான் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய நிக்கான் டி750ஐத்தான் வாங்கினேன். 2014இல் வந்த மாடல். 2,900 வெள்ளி. ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. "இந்தக் காசுக்கு அடுப்படிக் கூரைய மாத்தியிருக்கலாம்" என்றார் அம்மா. அதுவும் சரிதான்.

காரணம் லென்ஸ். பத்தாங் காலியில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டம் தோட்டமாக மோட்டாரில் போய்க் கல்யாணப் படம் எடுத்தவர். தொழிலை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அவரிடம் 50 மி.மீ. எஃப் 1.4, 105 மி.மீ. எஃப் 2.5 என்று இரண்டு நிக்கோர் லென்ஸ்கள் இருந்தன. மோட்டார் கிடையாது, சிப் கிடையாது. வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். நிக்கான் 1959இல் தன் எஃப் கேமராவுக்கு வைத்த லென்ஸ் வாயை டி.எஸ்.எல்.ஆர். வரைக்கும் மாற்றவில்லை. கேனன் 1987இல் மாற்றியது, பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் எல்லாம் அம்போ. நிக்கானில் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1977க்கு முந்திய லென்ஸ்களைத் திருத்தாமல் மாட்டினால் கேமராவின் முனையில் உள்ள சின்ன நெம்பு உடைந்து போகலாம். இவை இரண்டும் அதற்குப் பிந்தியவை.

பெர்லிஸில் படித்த காலத்தில் வாங்கிய டி3200இலும் இந்த லென்ஸ்கள் மாட்டும். ஆனால் அதில் ஒளிமானி வேலை செய்யாது. அதைவிடப் பெரிய தொல்லை சென்சாரின் அளவு. ஃபுல் ஃப்ரேம் என்பது பழைய ஃபிலிம் சுருளின் கட்டம், 36க்கு 24 மி.மீ. டி3200இன் சென்சார் பரப்பு அதில் பாதிகூட இல்லை. லென்ஸ் காட்டுவதில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 105 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 157 மி.மீ. ஆகிவிடும். எங்கள் தாமான் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை எடுக்க நான் பின்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு போகவேண்டும். வியூஃபைண்டரும் சிறியது. சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். கையால் ஃபோகஸ் செய்பவனுக்கு மெகாபிக்சலைவிட வியூஃபைண்டர்தான் முக்கியம்.

லென்ஸ் வாங்கும்போது பெரியவரே டார்ச் லைட்டைக் கையில் கொடுத்தார். பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்க்கவேண்டும். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி நூல் மாதிரி ஓரத்திலிருந்து கிளம்பும். உலு யாம் மலையடிவாரம், பாதி நாள் சாயங்காலம் மழை, துணி அலமாரியிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊர். 50இன் ஓரத்தில் கொஞ்சம் இருந்தது, 105 சுத்தம். "அரிசி டின்ல போட்டு வெச்சிருந்தேன் தம்பி" என்றார். நான் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வாங்கி 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

ஃபோகஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் வைத்திருந்தது நிக்கான் எஃப்எம்2. அதன் திரை நடுவில் ஒரு வட்டம் இருக்கும், ஃபோகஸ் சரியில்லையென்றால் அதற்குள் உருவம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். கோடு சேர்ந்தால் ஃபோகஸ் சேர்ந்தது. ஆட்டோஃபோகஸ் கேமராக்களில் அந்த வட்டத்தை எடுத்துவிட்டார்கள். திரையையும் ஒளி குறைந்த ஜூம் லென்ஸுக்கு ஏற்றபடி பளிச்சென்று செய்துவிட்டார்கள். அதனால் எஃப் 1.4இல் திறந்து வைத்துப் பார்த்தால் திரை பொய் சொல்லும். உண்மையில் மங்கிக் கிடப்பதையும் கூர்மையாகக் காட்டும்.

மிச்சமிருக்கும் துணை, கீழ் இடது மூலையில் எரியும் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டு பக்கமும் அம்புக்குறி. புள்ளி எரிந்தால் ஃபோகஸ் என்று கையேடு சொல்கிறது. நடைமுறையில் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். எரியத் தொடங்கும் இடத்தையும் அணையும் இடத்தையும் கையால் உணர்ந்து நடுவில் நிறுத்தப் பழகவேண்டும். 105ஐ எஃப் 2.5இல் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒருவரை எடுத்தால், கணக்குப்படி கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர். கண் கிடைத்தால் காது கிடைக்காது. வளையத்தைக் கிட்டத்தட்டச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, உடம்பையே முன்னும் பின்னும் லேசாக ஆட்டி மிச்சத்தைப் பிடிக்கிறேன். எதிரே இருப்பவர் ஒரு பெருமூச்சு விட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

கைஃபோகஸில்தான் ஆன்மா இருக்கிறது என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்துமலை தைப்பூசத்துக்கு நான் ஆட்டோஃபோகஸ் லென்ஸைத்தான் எடுத்துப் போகிறேன். காவடி எடுத்து ஆடி வருகிறவரிடம் "அண்ணே கொஞ்சம் நில்லுங்க, பச்சைப் புள்ளி வரல" என்று சொல்ல முடியாது.

நான் இந்த லென்ஸ்களை வாங்கியது பாட்டிக்காக. அவருக்கு எண்பது ஆகிறது. முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். வீட்டில் அவருடைய படம் என்று தேடினால் அடையாள அட்டைப் படம்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் யாரோ கல்யாணத்தில் ஐந்தாவது வரிசையில் ஒரு தலை.

இது பாட்டிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிங்கப்பூரின் ஜி. ஆர். லாம்பெர்ட் நிறுவனம் இங்கிருந்த இனங்களை 'வகை'களாகப் படம் பிடித்து விற்றது. அவற்றில் தமிழர்களுக்குப் பெயர் இல்லை, வகைதான் உண்டு. பிறகு அவசரகாலம். 1948இல் பதிவுச் சட்டம் வந்து, 12 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் படமும் கட்டைவிரல் ரேகையும் பதித்த அட்டை கட்டாயமானது. தோட்டத்தில் பலருக்கு வாழ்க்கையில் முதல் தனிப்படம் அதுதான். யார் என்று சோதிக்க எடுத்த படம். பாட்டிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றுவரை சிவப்பு அட்டை. அது தனிக்கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அவருடைய பழைய தோட்டத்துக்குப் போனேன். லயங்கள் இல்லை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் செம்பனை. ஓடையோரமாகக் கொஞ்சம் பால்மரம் மட்டும் வெட்டாமல் நிற்கிறது. பாட்டி தன் உளியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார், நான் கேட்கவில்லை. ஒரு மரத்தில் பழைய வெட்டுக்கு மேலே உளியை வைத்துக் காட்டினார். அந்த நிழலில் ஐஎஸ்ஓ 3200. டி3200இல் அந்த அளவுக்குப் போனால் படம் மணல் கொட்டியது போலிருக்கும்.

உளி பிடித்த கைக்கும் முகத்துக்கும் நடுவே ஒன்றரை அடி. எனக்குக் கிடைப்பது 3 சென்டிமீட்டர். எஃப் 11க்கு மூடினாலும் இரண்டும் சேராது, அந்த வெளிச்சத்தில் அது நடக்கவும் நடக்காது. ஆட்டோஃபோகஸ் என்றால் கிட்டே இருப்பதை அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே நின்றேன்.

"எவ்ளோ நேரம்டா? கார்டுக்குப் படம் புடிச்சவன் ஒரு நிமிசத்துல எந்திரின்னுட்டான்."

"அசையாதீங்க பாட்டி."

"அவனும் இதேதான் சொன்னான்."

அதற்கப்புறம் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். படம் என்றதும் வரும் விறைப்பு முகத்திலிருந்து போய்விட்டது. மரப்பட்டையை நகத்தால் சுரண்டி, "வெட்டு ஆழமாப் போயிருக்கு, எவளோ புதுசா வந்தவ வேல" என்றார். நான் கையில் ஃபோகஸ் வைத்து மூன்று, கண்ணில் வைத்து நான்கு எடுத்தேன்.

இதே 105 மி.மீ. எஃப் 2.5 லென்ஸில்தான் ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் அந்த ஆப்கன் சிறுமியை எடுத்தார். அடுத்த ஆண்டு நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் உலகமே பார்த்தது. 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை ஷர்பத் குலா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. லென்ஸைப் பற்றித் தேடும்போது படித்த செய்தி இது. அன்று மரத்தடியிலேயே கேமராவின் பின்திரையைப் பாட்டியிடம் காட்டினேன். கண்புரைக்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் பெரிதாக்கிக் காட்டினால் அவருக்குத் தெரியும்.

கண் கூர்மையாக இருந்த படத்தைத்தான் நான் நல்ல படம் என்று நினைத்தேன். பாட்டி கைப்படத்தில் நின்றுவிட்டார். வலது கட்டைவிரல் உட்பக்கம் காய்த்து வழுவழுவென்று இருக்கும். எந்த ரேகை இயந்திரமும் அதை ஏற்காது. பணம் எடுக்கப் போனால் நாலைந்து தரம் துடைத்துத் துடைத்து வைக்கவேண்டும். படத்தில் அந்த விரல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது, பின்னால் முகம் வெறும் நிறமாகக் கரைந்திருந்தது.

"மூஞ்சி மங்கலா இருக்கே பாட்டி, பரவால்லயா?"

"மூஞ்சிதான் கார்டுல இருக்கே."

அந்தப் படத்தை ஏ4 அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். சுவரில் மாட்ட விடவில்லை, மாட்டினால் மாலை போடவேண்டியிருக்கும் என்று அம்மா பயப்படுகிறார். பாட்டி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணி அலமாரியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுகிறார். இப்போது பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகவேண்டும் என்கிறார். 2007இல் அதைப் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், பாட்டிக்கு இன்னும் பழைய பெயர்தான். அங்கே அவருக்குப் பக்கத்து நெரையில் மரம் சீவிய கூட்டாளி ஒருவர் மகள் வீட்டில் இருக்கிறாராம். அவருக்குக் கை நடுங்குமாம். 250இல் ஒரு நொடிக்குக் கீழே இறங்க முடியாது. வீட்டுக்குள் என்றால் 50ஐத்தான் எடுத்துப் போகவேண்டும்.