குடல் வழியாகக் கழியும் மருந்து

சிறுநீரகப் பிரிவில் எழுதப்படும் மருந்துகளைச் சரிபார்ப்பது என் வேலை. கேஸ் ஷீட்டைப் பிரித்ததும் கண் முதலில் கிரியேட்டினினைத் தேடும். ஜென்டாமைசின், அமிகாசின் என்றால் டோஸைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ சொல்வேன். அவை சிறுநீரில்தான் போகும். டாக்சிசைக்ளினுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவருக்கும் அதே 100 மி.கி., இருவேளை. மழைக்காலத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் வந்து, சிறுநீரகமும் பழுதாகிச் சேர்பவர்களுக்கு அதைத் தயங்காமல் கொடுக்க முடிகிறது.

அது பெருமளவு கழிவது குடல் வழியாக. குடலுக்குள் மருந்து வர இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பித்தம். செஃப்ட்ரியாக்சோனில் கணிசமான பங்கு பித்தத்தில் இறங்கும். சில குழந்தைகளுக்குப் பித்தப்பையில் கால்சியத்தோடு சேர்ந்து படிந்து, ஸ்கேனில் கல் போலவே தெரியும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். மற்றது குடல் சுவர். ரத்தத்தில் உள்ள மருந்தை அதன் செல்களே உள்ளே தள்ளிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினை நரம்பில் ஏற்றினாலும் ஏறத்தாழ 15 சதவீதம் மலத்தில் வரும். பித்தத்தில் வருவது சொற்பம். சிறுநீரகம் தளரும்போது குடலின் பங்கு கூடும்.

"டோஸ் மாற்ற வேண்டாம்" என்று எழுதியதோடு என் வேலை முடிவதில்லை. சிறுநீரக நோயாளியின் மாத்திரை டப்பாவில் இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். அதை நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போனால், "டாக்சி ஊசியாத்தானே சார் போகுது, வாயில போடுற மாத்திரை அதை என்ன பண்ணும்?" என்பார் வார்டு சிஸ்டர். நியாயமான கேள்வி. 1970களில் ஃபின்லாந்தில் இதைச் சோதித்தார்கள். ஊசியாகக் கொடுத்த டாக்சிசைக்ளினின் அரை ஆயுளையும் விழுங்கிய இரும்பு குறைத்தது. ரத்தத்திலிருந்து குடலுக்கு வரும் மருந்தில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கே திரும்பும். இரும்பு அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லும் வழக்கமான அறிவுரை இங்கே முழுதாகக் கைகொடுக்காது.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். குடல் மருந்தைக் கழிக்கும் வேகத்தைச் சொல்ல அப்படியொரு பரிசோதனை வார்டில் இல்லை. நோயாளியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்: வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள், எப்போது போடுகிறீர்கள்? இந்த விசாரிப்பையும் டோஸ் கணக்கோடு சேர்த்தே நான் பார்க்கிறேன்.