மொட்டைக் கோபுரம்

மார்ச் மாதத்தில் குற்றாலம் போகிறேன் என்று சொன்னால் தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். பெரியப்பாவும் சிரித்தார். "பாறையப் பாக்கதுக்காலே போற?" என்றார்.

மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து போட வேண்டும். அப்பா விட்டுப்போன வீட்டை விற்கிறோம். அந்தச் சாயங்காலத்தை வீட்டுக்குள் கழிக்க முடியாமல்தான் பஸ் ஏறினேன். ஐந்து கிலோமீட்டர். பஸ்ஸில் என்னோடு சேர்த்து ஏழு பேர்.

சீசன் இல்லாத குற்றாலம் கடைசி ஆட்டம் முடிந்த தியேட்டர் மாதிரி இருந்தது. லாட்ஜ்களின் முன்னால் காய்ந்த இலைகள். எண்ணெய்க் கடைகளில் பாதி பூட்டியிருந்தன. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கால் வைக்க இடமில்லாத மெயினருவிக் கரையில் ஒரு குரங்குக் குடும்பமும் நானும் மட்டும். மேலிருந்து ஒரு நூல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் இல்லாதபோதுதான் பாறை தெரிகிறது. அதில் செதுக்கியிருக்கும் லிங்கங்களை சின்ன வயதில் நான் கவனித்ததே இல்லை. அப்போது கண்ணைத் திறந்தால் தண்ணீர், மூடினாலும் தண்ணீர். யார் தலைக்கு நேராக அருவி விழுகிறது என்பதுதான் அன்றைக்குப் பெரிய விஷயம். எண்ணெய் வழுக்கும் பாறையில் நிற்க முடியாமல் அப்பாவின் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்பாதான் பொங்குமாகடலைக் காட்டித் தந்தார். அருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. மலையின் பாதியில் பாறைக்குள் ஒரு பெரிய குழி இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகமடங்கி, பொங்கி வழிந்து, பிறகுதான் கீழே வருகிறது. அந்தக் குழி இல்லையென்றால் அருவிக்கடியில் மனுஷன் நிற்க முடியாது. "நம்மூர்ல கடல் இல்லன்னு எவம்ல சொன்னான்?" என்பார் அப்பா.

உண்மையான கடலும் எங்கள் ஊருக்குத் தூரமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. மழையின் பெரும்பங்கை மலைகளும் கேரளமும் வாங்கிக்கொள்கின்றன. செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிற மிச்சம்தான் எங்களுக்குச் சாரல். நனைந்தும் நனையாமலும் மூன்று மாதம். வெளியூர்க்காரர்கள் அதற்காகக் காசு செலவழித்து வருகிறார்கள். எங்கள் வீட்டு மேலச்சுவர் அதே சாரலில் அறுபது வருஷமாக நனைந்து, காரை உதிர்ந்து, செங்கல் வெளியே தெரிய நிற்கிறது. மச்சில் ஒரு உத்தரம் உளுத்துவிட்டது. கொத்தனார் சொன்ன தொகை சென்னையில் என் மூன்று வருஷ வீட்டு வாடகை. மூன்று வருஷமாக "அடுத்த சீசனுக்குள்ள பாத்துருவோம்" என்று பெரியப்பாவிடம் போனில் சொல்லி வந்தேன்.

இருட்டுவதற்குள் தென்காசி திரும்பினேன். ஒன்பது நிலைக் கோபுரம், ஏறத்தாழ 180 அடி. ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் அது வந்து நிற்கும். ஆனால் எங்கள் வீட்டுப் பட்டாசலில் தொங்கிய போட்டோவில் அந்தக் கோபுரம் இல்லை. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அரைக்கால் சட்டை போட்ட அப்பா பக்கத்தில் நிற்கிறார், பின்னால் நடுவில் பிளந்த கல்லும் செங்கல்லும். இடி விழுந்து எரிந்தது என்பார்கள். பல தலைமுறை அதைப் பார்த்தே வளர்ந்தது. மொட்டைக் கோபுரம் என்பது அவர்களுக்கு வசைச்சொல் அல்ல, வழி சொல்கிற அடையாளம்.

1990இல் கல் அடித்தளத்தின் மேல் புதுக் கோபுரம் எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. எனக்கு அப்போது இரண்டு வயசு. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா கூட்டத்தில் நின்றிருக்கிறார். எல்லோரும் கும்பிட்டபோது அவர் அழுதார் என்று அம்மா சொல்வாள். பக்தியில் அழுதாரா, தன் மொட்டைக் கோபுரம் போய்விட்டதே என்று அழுதாரா? கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "ரெண்டும்தான்."

கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு தனுஷ்கோடி போயிருக்கிறேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். கூரையில்லாத தேவாலயத்தின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்தோம். என்ன அழகு என்று நானும் சொன்னேன். பக்கத்தில் சங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடிந்தது அழகாகத் தெரிய வேண்டுமென்றால் நாம் அங்கே குடியிருக்கக் கூடாது. மேலச்சுவரையும் நான் போன தடவை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். நாற்பது பேர் இதயம் போட்டார்கள். பெரியப்பா மட்டும் கூப்பிட்டு, "தார்ப்பாய் ஒண்ணு வாங்கிப் போடுலே" என்றார்.

கோபுர வாசலில் காற்று முகத்தில் அடித்தது. பெரியப்பா உள்ளே தூணோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இந்தக் கோயிலை 1446இல் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் வழியில் வந்தவன். கோபுரம் முடிவதை அவன் பார்க்கவில்லை. பின்னால் வந்த குலசேகர பாண்டியன்தான் முடித்தான். பராக்கிரமன் கல்வெட்டில் ஒரு பாட்டு விட்டுப்போயிருக்கிறான். இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும், உலகமறிய அவர்களைப் பணிகிறேன் என்பது அதன் பொருள். சிதைத்தால் பாவம் வரும் என்று மிரட்டுகிற கல்வெட்டுகள் நிறைய உண்டு. முன்கூட்டியே கும்பிட்டு வைத்த ராஜா இவன்.

"அவன் கும்பிட்ட ஆள் நான் இல்ல பெரியப்பா" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு, "ஏம்ல, அவன் பேரனையும் பூட்டனையுமா கும்பிட்டான்? யாராயிருந்தாலும்னுல்லா சொல்லிருக்கான். பாண்டியன் வம்சமா வந்து தொண்ணூறுல கோபுரம் கட்டுச்சு? ஊரு கட்டுச்சு" என்றார்.

வீட்டை வாங்குகிறவர் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு ஊருக்குள் இடத்துக்கு நல்ல விலை, இடித்துக் கட்டுகிற ஆளிடம் கொடுத்தால் இன்னும் கூடக் கிடைக்கும் என்றார் தரகர். அண்ணாச்சியால் அவ்வளவு தர முடியாது. ஆனால் வீட்டைப் பார்க்க வந்த அன்று அவர் விலை பேசுவதற்கு முன்னால் மேலச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "செவுத்த மட்டும் புதுசா எடுத்துருவோம் தம்பி. பட்டாசலுக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்கு" என்றார்.

மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்ததில்லை.

பெரியப்பா சொன்னது எனக்கு வசதியான ஆறுதல்தானோ என்கிற சந்தேகம் இன்னும் இருக்கிறது. விற்கிறவனுக்கு எந்தப் பாட்டும் தனக்குச் சாதகமாகவே கேட்கும். ஆனாலும் மறுநாள் கையெழுத்து போட்டேன். சாவிக் கொத்தைக் கொடுத்தபோது அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் கை தானாகக் கூப்பியது. அவர் பதறிப்போய், "என்ன தம்பி, என்ன தம்பி" என்றார்.

ஜூலையில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பூசிய மேலச்சுவர், இன்னும் வெள்ளையடிக்கவில்லை. கீழே, "சாரல் ஆரம்பிச்சிட்டு தம்பி. ஒழுகல."